செக் கொருனா: ஸ்டாம்பு ஒட்டிப் பிறந்த பணம்

ஜனவரி 19, ஒரு வாசகர் எழுதியது

செக் குடியரசின் தலைநகர் பிராக் போய்வந்த நண்பர் கையில் மிஞ்சிய கொருனா நோட்டுகளை எனக்குக் கொடுத்துவிட்டார். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அண்ணே, 1993-ல் தொடங்கிய பணத்தில் சேகரிக்க என்ன இருக்கிறது? அதற்கு முன் கம்யூனிச நாடு, அதற்கும் முன் ஆஸ்திரியா. பக்கத்து ஸ்லோவாக்கியா யூரோவுக்குப் போய்விட்டது. இவர்களும் நாளைக்கே போய்விடுவார்கள். இதற்குப் போய் ஆல்பம் வைத்திருக்கிறீர்களே?

ஜனவரி 19, இரவு

1993 என்பது செக் நோட்டு தனியாகப் பிரிந்த ஆண்டு, அவ்வளவுதான். கொருனா 1892-லேயே வந்தது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு பழைய கில்டரைத் தூக்கிவிட்டு, ஒரு கில்டருக்கு 2 கொருனா என்று கொண்டுவந்த பணம் அது. 1918-ல் பேரரசு உடைந்தது, பணத்தின் பெயர் பிராகிலேயே தங்கிவிட்டது. இன்னும் பின்னால் போனால் 1300-ல் இரண்டாம் வாக்லாவ் மன்னர் குட்னா ஹோரா வெள்ளியில் அடித்த பிராக் குரோஷன், 1520 வாக்கில் யாகிமோவ் சுரங்கத்து ஷ்லிக் பிரபுக்கள் அடித்த தாலர் என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்குள் நான் இறங்கப் போவதில்லை. நாணயக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நான் காகித ஆள்.

என் கட்சி இதுதான். செக் பணம் பிறந்தது ஸ்டாம்பு ஒட்டி. 1919-ல் ஒரு தடவை, 1993-ல் ஒரு தடவை. பழைய நாட்டு நோட்டில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, இனி இது எங்கள் பணம் என்றார்கள். இரண்டு தடவையும் பலித்தது. நடுவில் 1953-ல் ஸ்டாம்பெல்லாம் இல்லாமல், மொறுமொறு என்று புது நோட்டு அடித்துக் கொடுத்தார்கள் பாருங்கள், அதுதான் ஜனங்களின் வயிற்றில் அடித்தது.

ஜனவரி 20

1919 கதையைச் சொல்லுங்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

1918 அக்டோபர் 28-ல் செக்கோஸ்லோவாக்கியா சுதந்திரம் அறிவித்தாயிற்று. கொடி இருக்கிறது, நாடாளுமன்றம் இருக்கிறது, ஆனால் சட்டைப்பையில் இருப்பது வியன்னாவில் அச்சாகும் நோட்டு. வியன்னாவோ போர்க்கடனுக்காக அச்சு இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே அடித்த பணம் இங்கே வந்து விலைவாசியைத் தூக்குகிறது. நிதியமைச்சர் அலோயிஸ் ரஷீன் என்ன செய்தார் என்றால், 1919 பிப்ரவரி கடைசியில் எல்லையை மூடினார். பணம் உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. மார்ச் 3 முதல் 9 வரை நாடு முழுக்க மக்கள் வரிசையில் நின்று நோட்டுகளைக் கொடுத்து ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டார்கள். ஸ்டாம்பு இருந்தால் அது செக்கோஸ்லோவாக்கியப் பணம், இல்லாவிட்டால் அந்நியப் பணம். 1, 2 கொருனாச் சில்லறை நோட்டுகளை மட்டும் ஒட்டாமல் விட்டுவிட்டார்கள், அதற்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த வருஷம் முடிந்திருக்காது.

ஏப்ரல் 10-ல் கொருனாதான் நாட்டின் பணம் என்று சட்டம் வந்தது. வரிசை இதுதான்: முதலில் எல்லை, அப்புறம் ஸ்டாம்பு, கடைசியில் சட்டம்.

அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்திரியா, ஹங்கேரி, ஜெர்மனி, போலந்து என்று சுற்றியிருந்த பெரும்பாலான நாடுகளின் பணம் வெறுங்காகிதமானது. கொருனா மட்டும் நின்றது. அதைச் சாதித்தது அந்த ஸ்டாம்பு மட்டும்தான் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது இல்லாமல் எதுவும் நடந்திருக்காது.

ஜனவரி 20, கொஞ்சம் கழித்து

சேகரிப்பவர்களுக்கு: ஸ்டாம்பு ஒட்டிய 1919 நோட்டை வாங்கும்போது நோட்டை விட்டுவிடுங்கள், ஸ்டாம்பைப் பாருங்கள். நோட்டு அசலாக இருக்கும், ஸ்டாம்பு போலியாக இருக்கும். அந்தக் காலத்திலேயே போலி ஒட்டிப் பணமாக்கப் பார்த்தார்கள், இப்போது சேகரிப்பவர்களை ஏமாற்ற ஒட்டுகிறார்கள். செக் நகரமான ப்ர்னோவில் வேலைக்கு இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு வியாபாரி 100 கொருனா நோட்டை நீட்டினார், பசை நேற்றுத்தான் காய்ந்த மாதிரி பளபளத்தது. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், விலையை மட்டும் குறைக்கவில்லை.

ஜனவரி 22

"முகா நோட்டு விலை என்ன" என்று கேட்டவருக்கு: தேய்ந்தது என்றால் கைக்கு எட்டும், மடிப்பு விழாதது என்றால் மனைவியிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அல்ஃபோன்ஸ் முகா பாரிஸில் நாடகச் சுவரொட்டி வரைந்து பேர் வாங்கியவர். நாடு பிறந்ததும் முதல் தபால்தலைகளையும் முதல் நோட்டுகளையும் அவரே வரைந்தார், நோட்டுக்குக் கூலி வாங்கவில்லை. 1920 தேதியிட்ட 100 கொருனாவில் தலையில் மலர்வளையத்துடன் ஒரு பெண் இருக்கிறாள். ஸ்லாவியா, ஸ்லாவ் இனத்துக்கே தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முகம் யாருடையது என்றால், சார்ல்ஸ் கிரேன் என்ற அமெரிக்கப் பணக்காரரின் மகள் ஜோசஃபினுடையது. முகாவின் பெரிய ஸ்லாவ் ஓவியத் தொடருக்குப் பணம் கொடுத்தவர் கிரேன். மகளை ஸ்லாவியா வேஷத்தில் முகா 1908-லேயே வரைந்து வைத்திருந்தார், நோட்டுக்கு அதையே எடுத்துக்கொண்டார். புதுக் குடியரசின் தேசத் தாய்க்கு அமெரிக்க முகம். இதைக் கேட்டுச் செக்காரர்கள் யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இதில் அவர்களுக்கு ஒரு தனிப் பெருமைகூட உண்டு.

என் சொந்த ரசனையைக் கேட்டால் முகாவைவிட மாக்ஸ் ஷ்வாபின்ஸ்கியின் 1931 நூறுதான். பின்பக்கம் குடியரசுத் தலைவர் மசாரிக். முகாவின் நோட்டு சுவரொட்டியைச் சுருக்கின மாதிரி இருக்கும், ஷ்வாபின்ஸ்கி நோட்டையே நினைத்து வரைந்தவர். ஒவ்வொரு கோடும் செதுக்குபவரின் கையை எதிர்பார்த்துப் போட்ட கோடு.

ஜனவரி 23

மேலே சொன்னதற்கு ஒரு சாட்சி. முகாவின் 1919 ஐந்நூறு அழகுதான், ஆனால் கள்ளநோட்டு அடிக்க வாகான அச்சு. 1921-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் ஒரு ஹங்கேரியக் கும்பல் அதை அடித்தது. தலைவர் ஜூலா மேசாரோஷ், சாதாரணத் திருடன் இல்லை, துருக்கிய மொழி ஆய்வாளர். பணம் பண்ணுவதோடு பக்கத்து நாட்டின் பணத்தைக் கவிழ்ப்பதும் நோக்கம். நோட்டையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மாற்று ஐந்நூறை அமெரிக்கக் கம்பெனியில் அச்சடித்து வாங்கினார்கள், அது முகாவின் நோட்டு அளவுக்கு அழகில்லை, ஆனால் போலி அடிப்பது கஷ்டம்.

ஜனவரி 26

ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தை (ஒரு மார்க்குக்கு 10 கொருனா என்று கட்டாய விகிதம், இரண்டு மொழியில் நோட்டு) தாண்டி 1953-க்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் உண்மையான காயம்.

1953 மே மாதக் கடைசி. பணம் மாறப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு, கடைகளில் கிடைத்ததை அள்ளுகிறார்கள். மே 29-ல் குடியரசுத் தலைவர் அண்டோனீன் ஸாபோடோட்ஸ்கி வானொலியில் பேசுகிறார்: நம் பணம் உறுதியாக இருக்கிறது, மாற்றம் எதுவும் வராது. மறுநாள் மாலை அறிவிப்பு வந்துவிட்டது. ஜூன் 1 முதல் புதுப் பணம். ஆளுக்கு 300 கொருனா ரொக்கம் வரை 5-க்கு 1. அதற்கு மேல் வைத்திருந்தால் 50-க்கு 1. போருக்குப் பின் முடக்கி வைத்திருந்த பழைய வங்கி வைப்புகள் ஒரேயடியாக ரத்து. சம்பளத்தையும் விலைகளையும் 5-க்கு 1 என்றுதான் மாற்றினார்கள், ஆகவே வீட்டில் சேர்த்துவைத்தவன் மட்டும் பத்தில் ஒன்பது பங்கை இழந்தான். புது நோட்டுகளில் ஒரு பகுதி சோவியத் யூனியனில் அச்சாகி ரகசியமாக வந்து காத்திருந்தது. அதாவது அவர் வானொலியில் பேசிய நேரத்தில் பணம் கிடங்கில் இருந்தது.

ஜூன் 1 காலை பில்ஸெனில் ஷ்கோடா தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். நகரசபைக்குள் புகுந்து ஸ்டாலின், நாட்டின் கம்யூனிஸ்ட் தலைவராக இருந்த கோட்வால்ட் சிலைகளைச் சன்னல் வழியாக வீசினார்கள். அன்றைக்கே அடக்கிவிட்டார்கள், சிறைக்குப் போனவர்கள் நிறைய.

ப்ர்னோவில் எங்கள் வீட்டுக்காரம்மாவின் மாமியார் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம் அந்த வாரத்தில் ஒரு ஜோடி செருப்பு விலைக்கு வந்துவிட்டதாம். அந்த அம்மா சொல்லும்போது கோபத்தைவிட நக்கல்தான் அதிகம் இருந்தது. இன்றைக்கும் எந்த அமைச்சராவது தொலைக்காட்சியில் "கவலைப்பட ஒன்றுமில்லை" என்றால், "ஸாபோடோட்ஸ்கி பேசுகிறார்" என்பார்.

ஜனவரி 27

"நம் ஊரில் 2016-ல் நடந்ததும் இதுதானே" என்று ஒரு தம்பி. இல்லை. அங்கே அறிவிப்பு வந்த விதத்தை ஒப்பிடலாம், வரிசையை ஒப்பிடலாம். ஆனால் வங்கியில் கட்டிய ஐந்நூறு கணக்கில் ஐந்நூறாகவே நின்றது. 1953-ல் ஐம்பதைக் கொடுத்தால் ஒன்று வரும். இரண்டையும் ஒரே பானையில் போடாதீர்கள். அரசியல் வேண்டுமென்றால் வேறு இழை தொடங்குங்கள், நான் அங்கே வரமாட்டேன்.

பிப்ரவரி 1

கோட்வால்ட் பேர் வந்ததால் இது.

1985 முதல் 1989 வரை ஒரு நோட்டு வரிசை வந்தது, வரைந்தவர் அல்பீன் புருனோவ்ஸ்கி என்ற ஸ்லோவாக்கியர். 1000-ல் இசையமைப்பாளர் ஸ்மெட்டனா, 50-ல் ஸ்லோவாக்கிய மொழியறிஞர் ஷ்டூர், 20-ல் கல்வியாளர் கொமேனியஸ், 10-ல் கவிஞர் ஹ்வியஸ்டோஸ்லாவ். கம்யூனிச நாட்டு நோட்டு என்றால் டிராக்டரும் புகைபோக்கியும்தான் என்று நினைப்பவர்கள் இந்த வரிசையை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும், கனவில் வரும் செடிகொடி மாதிரி ஒரு கோட்டு வேலை. வரிசையில் கடைசியாக 1989 அக்டோபர் 1-ல் வந்தது புது நூறு. அதில் யார்? கிளெமெண்ட் கோட்வால்ட். 1948-ல் கட்சியை ஆட்சிக்குக் கொண்டுவந்தவர், தூக்குமேடைகளைப் பார்த்த காலத்துத் தலைவர், பில்ஸென்காரர்கள் சன்னலில் தூக்கிப்போட்ட அதே தலை.

நவம்பர் 17-ல் புரட்சி. நோட்டு வந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. ஜனங்கள் அவர் முகத்தில் கிறுக்கினார்கள், வசனம் எழுதினார்கள். 1990 முடிந்ததும் நோட்டு செல்லாது. அவருக்குப் பதில் 1961-ன் பழைய பச்சை நூறே தொடர்ந்து ஓடியது. தொழிலாளியும் விவசாயப் பெண்ணும் ஒரு பக்கம், பிராக் கோட்டையும் சார்ல்ஸ் பாலமும் மறுபக்கம் இருக்கும் நோட்டு. ஆக, டிராக்டர் காலத்து நோட்டு பிழைத்தது, கோட்வால்ட் பிழைக்கவில்லை. கிறுக்கல் உள்ள கோட்வால்டை நான் சுத்தமானதைவிட மேலாக மதிப்பேன். விற்பவர்கள் அதைக் "கெட்டுப்போனது" என்று மலிவாகத் தள்ளிவிடுவார்கள், நமக்கு நல்லதுதான்.

பிப்ரவரி 8

இன்றைக்குத்தான் அந்த நாள் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1993 ஜனவரி 1-ல் செக்கோஸ்லோவாக்கியா இரண்டானது. பணம் மட்டும் கொஞ்சநாள் பொதுவாக இருக்கட்டும் என்று ஒப்பந்தம். ஐந்து வாரம் தாங்கியது. ஸ்லோவாக்கியக் கொருனா மதிப்பிழக்கும் என்ற பயத்தில் பணம் செக் பக்கம் ஓடிவர ஆரம்பித்தது. பிப்ரவரி 4 முதல் 7 வரை மாற்றிக்கொள்ள நேரம், 8-ந்தேதி முதல் இரண்டு கொருனா.

எப்படி மாற்றினார்கள்? ஸ்டாம்பு! 100, 500, 1000 நோட்டுகளில் ஒட்டினார்கள். செக் ஸ்டாம்பில் ரோம எண்: நூறுக்கு C, ஐந்நூறுக்கு D, ஆயிரத்துக்கு M. 10, 20, 50 சில்லறை நோட்டுகளை ஒட்டாமல் விட்டார்கள், 1919-ல் 1, 2 கொருனாவை விட்டது போலவே. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர் ஆளுக்கு 4000 கொருனா ரொக்கம் மாற்றலாம், மீதியைக் கணக்கில் போட வேண்டும். விகிதம் ஒன்றுக்கு ஒன்று. ஸ்டாம்புகளை ரகசியமாக முன்பே தயார் செய்து வைத்திருந்தார்கள். சில நோட்டுகளில் பிறகு ஸ்டாம்பின் படத்தையே நேராக அச்சடித்துவிட்டார்கள், ஒட்டியதா அச்சா என்று விரலால் தடவிப் பார்த்தால் தெரியும்.

புதுச் செக் நோட்டில் முதலாவதாக 200 வந்தது. அந்த முதல் அடிப்பு லண்டனில் தாமஸ் டி லா ரூ அச்சகத்தில். ஒட்டிய நோட்டுகள் அந்த ஆண்டுக்குள் மெல்ல மறைந்தன.

பிப்ரவரி 9

இப்போதைய நோட்டுகளை வரைந்தவர் ஓல்ட்ரிக் குல்ஹானெக். இவர் கதை நோட்டைவிட சுவாரசியம். 1971-ல் சோஷலிச நாட்டுத் தலைவர்களை அவமதித்தார் என்று இவருடைய அச்சோவியங்களுக்காக கைது, ஒரு மாதம் உள்ளே, படங்களை அழிக்கச் சொல்லித் தீர்ப்பு. இருபது வருஷம் கழித்து அதே கைதான் நாட்டின் எல்லா நோட்டையும் வரைந்தது. தகட்டில் செதுக்கியவர் மிலோஷ் ஒண்ட்ராச்செக். குல்ஹானெக் 2013-ல் இறந்தார்.

யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் அடிபட்டவர்கள். 100-ல் நான்காம் கரேல் மன்னர், பிராக் பல்கலைக்கழகத்தை 1348-ல் தொடங்கியவர், இவரை மட்டும் விலக்கிவிடுங்கள், மன்னர் சுகமாகத்தான் இருந்தார். 200-ல் கொமேனியஸ், நாடு கடத்தப்பட்டு அன்னிய மண்ணிலேயே இறந்த ஆசிரியர். கம்யூனிச நோட்டிலும் இருந்தார், இதிலும் இருக்கிறார், எல்லா ஆட்சிக்கும் வேண்டியவர். 500-ல் பொஷெனா நியெம்ட்சோவா. பாட்டியைப் பற்றி நாவல் எழுதி எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவர், 1862-ல் வறுமையில் செத்தார். உயிரோடு இருந்தபோது கையில் காசு நிற்காத ஒரு பெண்ணைப் போட்டுத்தான் ஐந்நூறு அடிக்கிறார்கள். 1000-ல் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கி. 2000-ல் பாடகி எம்மா டெஸ்டினோவா, இத்தாலியப் பாடகர் கருசோவோடு மேடையேறியவர், முதல் உலகப்போரில் விடுதலைக்காரர்களோடு தொடர்பு என்று சொந்தக் கோட்டையிலேயே முடக்கி வைக்கப்பட்டவர். 5000-ல் மசாரிக்.

இரண்டு பேர் போய்விட்டார்கள். 20-ல் இருந்த மன்னர் முதலாம் பிரெமிசல் ஒட்டகர் 2008-ல், 50-ல் இருந்த புனித ஆக்னெஸ் 2011-ல். ஆக்னெஸைப் புனிதராக அறிவித்தது 1989 நவம்பர் 12, புரட்சிக்கு ஐந்து நாள் முன். ப்ர்னோவில் அந்தச் சிவந்த ஐம்பதை வைத்துக் குழந்தைகளுக்குக் கதை சொன்னவர்கள் உண்டு. இப்போது அந்த இடத்தில் நாணயம், பையை ஓட்டையாக்குவதுதான் அதன் வேலை.

பிப்ரவரி 10

அளவு கேட்டவருக்கு: 100-ன் நீளம் 140 மில்லிமீட்டர். ஒவ்வொன்றுக்கும் 6 மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டே போனால் 5000 வரும்போது 170. கண் தெரியாதவர்கள் தடவிக் கண்டுபிடிக்கலாம். நம் ஊர் பர்ஸில் 5000 நுழையாது, ஆனால் அந்தப் பிரச்சினை எனக்கு அதிகம் வந்ததில்லை.

பிப்ரவரி 15

நேற்று ஒரு வாசகர் என்னை நன்றாகப் பிடித்தார்: "1919-ல் ஸ்டாம்பு ஒட்டும்போது பாதிப் பணத்தை அரசு வைத்துக்கொண்டதே, அதைப் பற்றி ஏன் பேசவில்லை? பிறகு 1953-ஐ மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?"

கேள்வி நியாயமானது. ரஷீன் நோட்டுகளில் பாதியைப் பிடித்துக்கொண்டு, அதைக் கட்டாயக் கடனாக்கி 1 சதவீத வட்டி என்றார். ஸ்டாம்புக்கும் நோட்டு மதிப்பில் நூற்றில் ஒரு பங்கு. அப்புறம் அவர் பிடிவாதமாகக் கொருனாவின் மதிப்பை ஏற்றப் போய், 1922 வாக்கில் ஏற்றுமதி அடிபட்டு ஆலைகள் மூடின. 1923 ஜனவரி 5-ல் ஒரு இளைஞன் அவரைச் சுட்டான், பிப்ரவரி 18-ல் இறந்தார். கொண்டாடத்தக்க பொருளாதாரம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால் எனக்கு வித்தியாசம் பாதி போனதிலோ, பத்தில் ஒன்பது போனதிலோ மட்டும் இல்லை. ரஷீன் முன்னாலேயே சொல்லிவிட்டு வாங்கினார், எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கினார். ஸாபோடோட்ஸ்கி இல்லை என்று சொல்லிவிட்டு எடுத்தார். பாதி போனவன் திட்டியிருப்பான், ஆனாலும் அவன் கையில் ஒரு சீட்டு இருந்தது. இது என் அபிப்பிராயம்தான், ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. 1919-ஐ நான் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், அந்த ஸ்டாம்பு ஒட்டிய நோட்டுகள் என் ஆல்பத்தில் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2019-ல் கொருனாவின் நூற்றாண்டுக்கு செக் தேசிய வங்கி ரஷீன் படம் போட்ட 100 நோட்டு ஒன்றை நினைவுக்காக வெளியிட்டது, எவா ஹாஷ்கோவா வரைந்தது. வழக்கமான நூறைவிடப் பெரிய தாள். ஜனவரிக் குளிரில் வங்கி வாசலில் வரிசை. சட்டப்படி அது 100 கொருனாவுக்குச் செல்லும், ஆனால் அதைக் கொடுத்து பீர் வாங்கும் முட்டாளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பிப்ரவரி 16

யூரோ கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்போதே யூரோவுக்கு மாறுவதாக ஒப்புக்கொண்டார்கள், தேதி மட்டும் குறிக்கவில்லை. ஸ்லோவாக்கியா 2009-ல் மாறியது. செக் தேசிய வங்கிக்குத் தன் கொருனாவைத் தானே ஆட்டிப் பார்க்கப் பிடிக்கும்: 2013 நவம்பரிலிருந்து 2017 ஏப்ரல் வரை ஒரு யூரோ 27 கொருனாவுக்குக் கீழே போகாமல் பிடித்து வைத்திருந்தார்கள். யூரோவில் இருந்தால் அந்த வித்தை கிடையாது. நாளைக்கே மாறுவார்கள் என்று நினைத்து நோட்டை அவசரமாக வாங்காதீர்கள்.

நண்பர் கொடுத்த நோட்டுகளைப் பற்றி: தாளுக்குள் ஓடும் வெள்ளிக் கம்பியைப் பாருங்கள். கம்பி ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிசாக இருந்தால் பழைய அடிப்பு, 2022 ஜூன் முடிந்ததும் கடைகளில் செல்லாது, செக் தேசிய வங்கியில்தான் மாற்ற வேண்டும். கம்பி அகலமாக இருந்து, சாய்த்தால் ஊதாவிலிருந்து பச்சைக்கு மாறினால் நல்ல நோட்டு.

பிராகில் பணம் மாற்றும்போது தெருவில் வந்து "நல்ல விகிதம்" என்பவரிடம் மாற்றவே வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் கையில் செல்லாத பெலாருஸ் ரூபிளை வைத்துக்கொண்டு நின்றார், சைபர்கள் நிறைய இருந்ததால் சந்தோஷமாகவும் இருந்தார். உரிமம் உள்ள கடையில் ஏமாந்தால் வழி உண்டு: 2019 ஏப்ரல் முதல், 1000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.